வாய்தா தேதி 24.02.2005

கடித எண்: 1/2005
மரக்காணம்
03.02.2005, வியாழக்கிழமை
காலை 6.10

பொருள்: கடன் அட்டை தொடர்பாக வந்துள்ள நீதிமன்ற அழைப்பாணை

திருமதி கலைமதி தங்கராசு அவர்களுக்கு,

பெற்ற மகளை இவ்வாறு விளித்து எழுதுவது முறையல்ல என்பதை அறிவேன். ஆயினும், 26.06.2004 சனிக்கிழமையன்று, உன் தாயார் ஞானாம்பாளின் கருமகாரியம் முடிந்த கையோடு, "இனிமே உங்களுக்கு மகளே இல்லன்னு நெனச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தாம்பரத்துக்குப் பேருந்து ஏறியவள் நீ. ஏழு மாதங்களும் எட்டு நாட்களும் கடந்துவிட்டன. வேறு எவ்வாறு விளிப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

செய்தி இதுதான். 31.01.2005 திங்கட்கிழமை பிற்பகல் 2.40 மணிக்கு நீதிமன்றப் பணியாளர் ஒருவர் வந்து, அழைப்பாணை ஒன்றைக் கையொப்பம் பெற்றுக்கொண்டு கொடுத்துச் சென்றார். பிரதிவாதி: க. அப்பாவு, வயது 70, உப்பு இலாகா எழுத்தர் (ஓய்வு). வட்டியுடன் ரூ. 1,12,640 கேட்டு வங்கி சென்னையில் வழக்குத் தொடுத்திருக்கிறது. விசாரணை 24.02.2005, காலை 10.30.

14.08.2003 அன்று, ஓய்வூதியம் வாங்கச் சென்ற இடத்தில், அந்த அட்டைக்கு நான் கையொப்பமிட்டது உண்மை. உன் தாயார் வற்புறுத்தியதால் உன் பெயருக்குக் கூடுதல் அட்டை ஒன்று வாங்கிக் கொடுத்ததும் உண்மை. என் அட்டை இன்றுவரை பீரோவில், வந்த உறையிலேயே இருக்கிறது. வழக்கில் கண்ட தொகை முழுவதும் உன் அட்டையைக் கொண்டு, தாம்பரத்து இயந்திரங்களில், 2004 சனவரி முதல் சூன் வரை ரொக்கமாக எடுக்கப்பட்டது. உன் தாயார் உன் வீட்டில் நோயுற்றுத் தங்கியிருந்த அதே மாதங்கள். அவளுடைய வைத்தியச் செலவை உன் தொழிற்சாலையின் காப்பீடு ஏற்றுக்கொண்டது என்று நீயே சொன்னாய். எனில், இந்தப் பணம் எங்கே போயிற்று? லேத் பட்டறை வைக்க வேண்டும் என்று நான்கு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் யார்?

இந்தக் கேள்வியைத்தான் காரியத்தன்று கேட்டேன். உன் கணவர் என் தலையில் கட்டக் கொண்டுவந்த புதுத் துண்டை, தலைக்கட்டுக்குக் குனியாமல் மறுத்ததும் இதனால்தான். ஊர் பார்க்கச் செய்தது தவறு என்றார் உன் பெரியப்பா. கேள்வி தவறு என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

தொலைபேசியில் விவரம் கேட்க முயல வேண்டாம். வசூல்காரர்கள் நாளொன்றுக்குப் பதினோரு முறை அழைத்து, "டேய் கெழவா, பென்சன் வாங்கறப்ப இனிக்குதா?" என்று கேட்கத் தொடங்கியதால், 29.11.2004 அன்று இணைப்பை ஒப்படைத்துவிட்டேன்.

இங்ஙனம்,
க. அப்பாவு

இணைப்பு: அழைப்பாணையின் நகல் — 1.


தாம்பரம்
10.2.05

அப்பாவுக்கு,

கலை எழுதறேன். திருமதி எல்லாம் போட்டு எழுதியிருக்கீங்க. கவர பிரிக்கறதுக்குள்ள எதிர்வீட்டு அக்கா, "என்னம்மா, கவர்மென்ட்டு வேலையா வந்துருக்குது?"ன்னு கேட்டுட்டாங்க.

போன் இல்லன்னு எனக்குத் தெரியும்பா. டிசம்பர்ல கடல் ஊருக்குள்ள வந்த அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நாப்பது தடவை போட்டிருப்பேன். இந்த எண் உபயோகத்தில் இல்லைன்னே சொல்லிட்டு இருந்துது. மறுநாள் திண்டிவனத்துலேர்ந்து ஒரு மண்ணெண்ணெ லாரியில ஏறி வந்தேன். நம்ம வீடு பூட்டியிருந்துது. உப்பளம் பூரா சேறு. பக்கத்து வீட்டு வசந்தா அக்காதான், "உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆவல. அனுமந்தை ஸ்கூல்ல ஒக்காந்து, வீடு போனவங்க பேரெல்லாம் எழுதிக் குடுத்துட்டு இருக்காரு"ன்னாங்க. கதவ புடிச்சிக்கிட்டு கொஞ்ச நேரம் அழுதுட்டு அப்பிடியே திரும்பிட்டேன். ஸ்கூல் வரைக்கும் வந்திருக்கலாம். அத்தினி பேருக்கு முன்னாடி மறுபடியும் எதுனா சொல்லிடுவீங்களோன்னு பயம்.

பணத்த எடுத்தது நான். அவரு இல்ல. எதுக்குன்னு கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்கேன். ஆனா ஒண்ணு மட்டும் கேளுங்க. 24-ந்தேதி நேர்ல போயே ஆவணும். நான் லீவு போட்டுட்டு வரேன், பாரிஸ் கார்னர்ல பஸ்ஸ விட்டு எறங்கற எடத்துல நிக்கிறேன். நீங்க எங்கூட பேசக்கூட வேணாம். பின்னாடியே வாங்க, போதும்.

சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?

கலை


கடித எண்: 2/2005
மரக்காணம்
17.02.2005, வியாழக்கிழமை
மாலை 4.25

பொருள்: உன் 10.02.2005 தேதியிட்ட கடிதம் (கிடைத்தது 14.02.2005)

கலைமதிக்கு,

பாரிஸ் கார்னரில் நீ காத்திருக்கத் தேவையில்லை. நான் வரப்போவதில்லை. நீதிமன்றத்துக்கு உரிய பதிலை, நான்கு பக்கங்களில், 14.02.2005 அன்றே ஒப்புதல் அட்டையுடன் கூடிய பதிவஞ்சலில் அனுப்பிவிட்டேன். ஒப்புதல் அட்டை இன்று பிற்பகல் முத்திரையுடன் திரும்பி வந்தது. ஆகவே நீதிமன்றம் என் பதிலைப் பெற்றுக்கொண்டது. இனி படித்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

2002-இல் நடந்த முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் மூன்று மணி நேரம் பேருந்தில் அமர என்னால் இயலாது. அதைவிட, முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் என் கடிதம் ஒன்றுகூடப் பதில் இல்லாமல் போனதில்லை. உப்பளத்து முதலாளிகள் நேரில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போவார்கள். நான் எழுதி அனுப்புவேன். கடைசியில் எழுத்துதான் நின்றது.

பதிலில் உள்ளதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. அட்டையின் பணம் என் அனுமதியின்றி எடுக்கப்பட்டது என்றும், எடுக்கத் தூண்டியவர் என் மருமகன் தங்கராசு என்றும், அவரை விசாரித்தால் உண்மை வெளிவரும் என்றும் எழுதியிருக்கிறேன். நீ யாருக்கோ வாக்குக் கொடுத்திருப்பதாக எழுதுகிறாய். அந்த ஒருவர் யார் என்று ஊகிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

மதியம் ஒருமுறை சமைத்து இருவேளை உண்கிறேன்.

இங்ஙனம்,
க. அப்பாவு

இணைப்பு: ஒப்புதல் அட்டையின் நகல் — 1.


தாம்பரம்
மார்ச் 1

அப்பா,

24-ந்தேதி நான் போனேன்.

உங்க கடுதாசிய பார்த்தப்புறமும், மனசு மாறி வந்துடுவீங்கன்னு பஸ் நிக்கற எடத்துல ஒம்பது மணி வரைக்கும் நின்னேன். அப்புறம் உள்ள போயி, கோர்ட் ஹால் வாசல்ல நின்னேன். பதினொண்ணே காலுக்கு கூப்புட்டாங்க. "அப்பாவு... அப்பாவு... அப்பாவு..." மூணு தடவ. சந்தையில ஏலம் விடற மாதிரி. நான், "அவரு லெட்டர் போட்டிருக்காருங்க"ன்னேன். அந்த ஆளு என்னப் பாத்து, "நீ யாரும்மா?"ன்னாரு. "மக"ன்னேன். "கேஸு ஒம்பேர்ல இல்லியே, தள்ளி நில்லு"ன்னுட்டாரு. ஒரு நிமிசம்கூட ஆவல. எக்ஸ்பார்ட்டின்னு சொல்லிட்டாங்க. நீங்க வராததால பேங்க்கு கேட்டத அப்பிடியே தீர்ப்பா குடுத்துட்டாங்களாம். இனிமே நம்ம வீட்ட ஜப்தி பண்ண அமீனா வருவாராம்.

இதுக்கு மேல வாக்காவது ஒண்ணாவது. நான் அந்த வாக்கு குடுத்தது அம்மாவுக்கு.

காப்பீடுன்னு நான் சொன்னது பொய். உங்களுக்கு பென்சன் வருதுன்றதால அம்மாவ எங்க கம்பெனி காப்பீட்டுல சேக்க முடியாதுன்னுட்டாங்க. வாரம் ரெண்டு தடவ ரத்தம் சுத்தம் பண்ணணும்னாங்க. முதல் வாரம் அவரு வண்டிய வித்துட்டாரு. அப்புறம் அந்த கார்டு. மிஷின்ல பணம் எடுக்கறப்ப அம்மாவும் கூட வருவாங்க, சொவத்த புடிச்சிக்கிட்டு. அப்பவும் கிண்டல்தான். "பாருடி, உங்கப்பாவவிட இந்த மிஷினு எவ்ளோ மேலு. எதுக்குன்னு கேக்காம குடுக்குது"ன்னுவாங்க.

"அப்பாகிட்ட சொல்லிடலாம்மா, அவரு வேணாம்னா சொல்லுவாரு?"ன்னு ஒருநாள் கேட்டேன். அம்மா சொன்னத அப்பிடியே எழுதறேன்.

"வேணாம்னு சொல்ல மாட்டாருடி. வீட்டக்கூட வித்துக் குடுப்பாரு. ஆனா எழுதி வைப்பாரு. எங்கப்பனுக்கு செஞ்ச செலவ, காரியத்தன்னிக்கு பந்தல்ல ஒக்காந்து, எந்தம்பிங்க முன்னாடி நோட்டப் பாத்து படிச்சாரே, மறந்துட்டியா? பொய்யா ஒண்ணும் படிக்கல. அத்தினியும் நெசந்தான். அதாண்டி தாங்க முடியல. என்ன அப்பிடி படிக்கக் கூடாது. நான் செத்தா வெறும் பொணமா போவணும், கணக்கா போவக்கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணேன்.

நீங்க பந்தல்ல அத்தினி பேர் முன்னாடி திருடன்னு சொன்னப்பகூட இவரு அம்மா வாக்க காட்டிக் குடுக்கல. எங்கிட்ட, "மாமாவுக்கு பொஞ்சாதி போன துக்கம். யார் மேலயாவது கோவப்பட்டாத்தான் நிப்பாரு. எம்மேல படட்டும், வுடு"ன்னாரு. அக்டோபர் வரைக்கும் தவணையும் கட்டினாரு. அப்புறம் அவரு கூலிக்குப் போற பட்டறையில வேல இல்ல.

அம்மாவோட ஆஸ்பத்திரி சீட்டெல்லாம் அனுப்பறேன். எங்கிட்ட இருக்கறது இவ்ளோதான். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

கலை


மரக்காணம்
08.03.2005

கலை,

உன் கடிதமும் சீட்டுகள் இருபத்து மூன்றும் 04.03.2005 வெள்ளிக்கிழமை கிடைத்தன.

1987-ஆம் ஆண்டு நோட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். உன் தாயார் சொன்னது உண்மை. நான்காம் பக்கத்தில், 11.10.1987 ஞாயிற்றுக்கிழமையில், 'மாமனாருக்கு ஆரஞ்சு — 2' என்றுகூட எழுதியிருக்கிறேன். அதையும் பந்தலில் வாசித்திருக்கிறேன் என்றே நினைக்கிறேன். நான் எதையும் விட்டுவிட்டு வாசிப்பவன் அல்லன்.

நேற்று, திங்கட்கிழமை, சென்னைக்குச் சென்றேன். தீர்ப்பைப் பற்றிக் கேட்பதற்கு அன்று. நான் எழுதிய நான்கு பக்கங்களைத் திரும்பக் கேட்பதற்கு. மாப்பிள்ளையின் பெயர் அதில் மூன்று இடங்களில் இருக்கிறது. யாராவது படித்திருந்தால் என்ன செய்வது என்ற எண்ணத்தில் பேருந்தில் இரு முறை எழுந்து நின்றுவிட்டேன்.

அலுவலகத்தில் இருந்த எழுத்தர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், ஒரு கூடையைக் கிளறி என் உறையை எடுத்தார். பிரிக்கப்படவில்லை. நான் வைத்த அரக்கு அப்படியே இருந்தது. "ஏங்க பெரியவரே, கோர்ட்டுக்கு லெட்டர் போட்டா கோர்ட்டு பதில் போடும்னு நெனச்சீங்களா? இது என்ன வானொலி நேயர் விருப்பமா? ஆளு வரணுங்க, இல்ல வக்கீல் வரணும்" என்றார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். "யாரும் படிக்கலீங்களே?" என்று கேட்டேன். "எங்க படிக்கறது, இருவது நாளா கூடையிலதான் கெடக்குது. வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். அவருக்கு இரண்டு முறை நன்றி சொன்னேன்.

நான் எழுதிய கடிதம் ஒன்று படிக்கப்படாமல் கிடந்ததற்காக வாழ்நாளில் முதன்முறையாக மகிழ்ந்தேன்.

திரும்பும்போது திண்டிவனம் வழிப் பேருந்து. தாம்பரத்தில் ஏழு நிமிடம் நின்றது. இறங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் என்ன சொல்லி உள்ளே நுழைவது என்று தெரியவில்லை.

அப்பா

கடித எண் இட மறந்தேன். 3/2005 என்று கொள்க.


தாம்பரம்
17.3.05

அப்பா,

தாம்பரம் வரைக்கும் வந்துட்டு எறங்காம போயிட்டீங்களா? ஏழு நிமிசம்! எங்க வீடு ஸ்டாண்டுலேர்ந்து அஞ்சு நிமிசம்பா.

நேரா விஷயத்துக்கு வரேன். ஒரு வக்கீலம்மாவ பாத்தேன். முப்பது நாளுக்குள்ள மனு போட்டா தீர்ப்ப ரத்து பண்ணி, மறுபடியும் விசாரிக்க வெக்கலாமாம். 26-ந்தேதி வரைக்கும் டைம் இருக்குது. பீஸு மெதுவா குடுங்கன்னுட்டாங்க. நான் கூண்டுல ஏறி, பணத்த எடுத்தது நான்தான், அப்பாவுக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு சொல்லிடறேன். அவங்க பக்கத்து வக்கீலு, ஒவ்வொரு தேதியா காட்டி, இது எதுக்கு எடுத்தே, அது எதுக்கு எடுத்தேன்னு கேப்பாராம். அதுக்கு அந்த சீட்டெல்லாம் கோர்ட்டுல குடுக்கணுமாம். அதனால அத பத்திரமா எடுத்துக்கிட்டு வாங்க. வட்டியாவது கொறையும்னு சொல்றாங்க. முக்கியமா வீட்டுக்கு தடை வாங்கலாமாம்.

இவருகிட்ட உங்க கடுதாசிய படிச்சுக் காட்டினேன். கூடையிலேர்ந்து எடுத்தாங்கன்னு வந்ததும் சிரிச்சுட்டாரு. அப்புறம், "வீட்ட வுட்டுட்டு மாமா எங்க போவாரு? போயி கூட்டியாந்துடட்டுமா?"ன்னு கேட்டாரு. நீங்க சரின்னு ஒரு வரி எழுதினா போதும், கெளம்பிடுவாரு.

26-ந்தேதிப்பா. தேதிய உங்களுக்கு நான் சொல்லணுமா?

கலை


கடித எண்: 4/2005
அனுமந்தை
22.05.2005, ஞாயிற்றுக்கிழமை
காலை 7.00

பொருள்: வழக்கு முடிவுற்றது, வேறு சில

அன்பு மகள் கலைமதிக்கு,

உன் 17.03.2005 கடிதம் 21.03.2005 அன்றே கிடைத்தது. அறுபத்து இரண்டு நாட்கள் பதில் எழுதாமல் இருந்தது என் வழக்கத்துக்கு மாறானது. பொறுத்துக்கொள்.

26.03.2005 சனிக்கிழமை. அன்று நான் மரக்காணத்திலேயே இருந்தேன். காலையில் குளித்தேன், உண்டேன், நாற்காலியை வாசலில் போட்டு அமர்ந்தேன். எதிரே, சேறு வாரி முடித்த பாத்திகளில் பெண்கள் முதல் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். மாலை ஐந்தே முக்கால் வரை அப்படியே இருந்தேன். பிறகு கதவைச் சாத்தினேன். என் வாழ்நாளில் கெடுத் தேதி ஒன்றை அறிந்தே தவறவிட்டது அன்று மட்டுமே. வக்கீல் அம்மையாரிடம் நீ பட்ட அலைச்சலை வீணாக்கினேன் என்று கோபப்படாதே. நீ கூண்டில் ஏறினால், எந்தத் தேதியில் எதற்காக எவ்வளவு என்று யாரோ ஒருவர் கேட்பார். நீ ஒவ்வொன்றாகச் சொல்வாய். ஒருவர் அதை எழுதிக்கொள்வார். பிறகு பலர் முன்னிலையில் வாசிக்கப்படும். ஒரு முறை பந்தலில் நடந்தது போதும்.

திண்டிவனத்து வழக்கறிஞர் ஒருவர் வேறொரு யோசனை சொன்னார். "ஓய்வூதியத்தில் கை வைக்க முடியாது. வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் ஆகும். உங்களுக்கோ எழுபது. சும்மா இருங்கள்" என்றார். அவர் சொன்னதன் பொருள், நான் அதற்குள் இறந்துவிடுவேன், பிறகு நீயும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்வீர்கள் என்பது. எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டைக் கூனிமேட்டு வியாபாரி ஒருவருக்கு விற்று 12.05.2005 வியாழக்கிழமை பத்திரம் பதிந்தேன். கடல் வந்துபோன ஊர் என்று விலையைக் குறைத்தார்கள். நல்ல மனிதர். சாவியை நீட்டியபோது வாங்காமல், "பாய் வீடுன்னு நெனைக்காதீங்க, எப்ப வேணும்னாலும் வந்து ஒக்காருங்க" என்றார். வங்கி வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய இசைந்தது. 16.05.2005 அன்று முழுதும் கட்டி முடித்தேன். மீதி அதிகமில்லை. உன் தாயார் வளர்த்த மருதாணியைப் பெயர்த்துக் கொண்டுவர முயன்றேன். வேர் அறுந்துவிட்டது.

இப்போது அனுமந்தையில், உப்புக் கிடங்கை ஒட்டிய அறை ஒன்றில் இருக்கிறேன். வாடகை ஓய்வூதியத்துக்குள் அடங்குகிறது. காற்று ஈரமாதலால் காகிதங்கள் நமுத்துவிடுகின்றன. படகு இழந்தவர்கள் நிவாரண மனு எழுதக் காலையிலேயே வந்துவிடுகிறார்கள். சென்ற வாரம் பக்கிரி என்றொருவருக்கு மனு எழுதி, வழக்கம்போலப் பதிவஞ்சலில் அனுப்பச் சொல்ல வாய் திறந்தேன். பிறகு, "கையில எடுத்துக்கிட்டு நேர்ல போப்பா. கூப்புடறப்ப அங்க நில்லு" என்றேன். இதைக் கற்க எனக்கு ஒரு வீடு செலவாயிற்று.

உன்னிடம் வந்து தங்கும்படி நீ எழுதுவாய். இப்போது வேண்டாம். மாப்பிள்ளை உழைத்துக் கொண்டுவரும் சோற்றில் கை வைக்கும் தகுதியை நான் இன்னும் பெறவில்லை.

பஞ்சாங்கப்படி உன் தாயாரின் ஆண்டுத் திதி 01.06.2005, புதன்கிழமை. வீடு இல்லாததால் கடற்கரையிலேயே செய்ய எண்ணுகிறேன். பெரியப்பாவும் வசந்தாவும் வருவார்கள். அன்று பந்தலில் இருந்த மற்றவர்களுக்கும் தனித்தனியே எழுதிவிட்டேன். அவர்கள் முன்னிலையில் சொன்னதை அவர்கள் முன்னிலையிலேயே திரும்பப் பெற வேண்டும்.

நான் மறுத்த அந்தத் துண்டு உங்கள் வீட்டில் இருந்தால், மாப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு வரட்டும். ஓராண்டு கழிந்து தலைக்கட்டுக் கட்டும் வழக்கம் உண்டா என்று பெரியவர்களைக் கேட்டேன். இல்லை என்றார்கள். வழக்கம் இல்லாவிட்டாலும், நான் குனிந்து நிற்கிறேன். அவருக்கு மனமிருந்தால் கட்டட்டும். மனமில்லாவிட்டால், நீ மட்டும் வா. அதற்காக அவரை ஒன்றும் சொல்லாதே.

உன்
அப்பா

இத்துடன் இணைத்துள்ளவை:

1. கடன் முழுதும் தீர்ந்தது என வங்கி வழங்கிய கடிதம், நாள் 16.05.2005. அசல் — 1.

2. நீதிமன்றத்துக்கு நான் எழுதிய 14.02.2005 தேதியிட்ட கடிதம், அரக்கு உடைக்கப்படாத உறையுடன் — 1. மாப்பிள்ளையிடம் கொடு. படிப்பதும் எரிப்பதும் அவர் விருப்பம்.

3. என் புதிய முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறை — 1.

4. ஞானாம்பாளின் மருத்துவச் சீட்டுகள் — 23. கூட்டிப் பார்க்கவில்லை.